பதகளிப்புக் குளிசைகளைப் பாதுகாப்பாக நிறுத்துதல்

நமது கிராமங்களில் பல வீடுகளில் "இரவுக் குளிசை" என்று ஒன்று இருக்கிறது. கிளினிக் கொப்பியின் உள்ளே, சிறிய கடதாசி உறையில் அது கிடக்கும். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், "நித்திரை வராது", "நெஞ்சு பதைக்கும்", "யோசனை கூடிப்போச்சு" என்பார்கள். எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டால், ஒரு மரணம், ஓர் இடம்பெயர்வு, ஒரு கடன் அல்லது ஒரு சத்திரசிகிச்சை நடந்த காலத்தைச் சொல்வார்கள். அக்காலம் கடந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். குளிசை மட்டும் நிற்கவில்லை.

இதைக் காணும் அயலவர்கள் சிலர், "இது போதைக் குளிசை, உடனே தூக்கி எறியுங்கள்" என்று புத்தி சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்தப் புத்திமதி ஆபத்தானது. உயிருக்கே கேடு விளைவிக்கக் கூடியது. எனவே கிராமமட்டத் தொண்டர்களும் மாதர் சங்க அங்கத்தவர்களும் இம் மருந்துகளைப் பற்றிச் சில அடிப்படை விடயங்களை அறிந்திருப்பது அவசியம்.

இப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது மூன்று விடயங்களை நாம் விளங்கியிருக்க வேண்டும். உடல் இக் குளிசைக்கு எவ்வாறு பழகுகிறது? அதைத் திடீரென நிறுத்துவது ஏன் ஆபத்து? வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பது எவ்வாறு?

1. இவை எவ்வகை மருந்துகள்?

பதகளிப்பைக் குறைக்கவும் நித்திரை வரவும் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒரு தொகுதிக்கு பென்சோடயசிபின் என்று பெயர். டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலம், லொரசிபாம், குளோர்டயசிபொக்சைட் ஆகியவை இத் தொகுதியைச் சேர்ந்தவை. வேலியம், ரிவோட்ரில், சனாக்ஸ், அட்டிவன், லிப்ரியம் என்பன முறையே இவற்றின் பிரபலமான வியாபாரப் பெயர்கள். குளிசை உறையில் எந்தப் பெயரும் இருக்கலாம். ஆகவே, பெயரை வாசித்து வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு அறிவதே முதற் படி.

இவற்றுள் முதலில் விற்பனைக்கு வந்தது லிப்ரியம். ரோஷ் நிறுவனம் அதனை 1960ம் ஆண்டில் வெளியிட்டது. வேலியம் 1963ம் ஆண்டில் வந்தது. இவ்விரண்டையும் உருவாக்கியவர் லியோ ஸ்டேர்ன்பாக் என்னும் இரசாயன விஞ்ஞானி. அதற்கு முன்னர் பயன்பட்ட பாபிற்றுரேற் வகை நித்திரை மருந்துகள் சற்று அளவு மீறினாலும் உயிரைப் பறித்துவிடும். புதிய மருந்துகள் அவற்றிலும் பாதுகாப்பானவை என்பதால் உலகெங்கும் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டன. 1978ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 200 கோடிக்கு மேற்பட்ட வேலியம் குளிசைகள் விற்பனையாயின.

இம் மருந்துகள் கெட்டவை அல்ல. வலிப்பு நிற்காமல் வரும்போது டயசிபாம் ஊசி உயிரைக் காக்கிறது. மதுவை விட்டுவிட முயல்பவருக்கு வரும் நடுக்கத்தையும் சன்னியையும் தடுக்க வைத்தியசாலைகளில் இவையே பயன்படுகின்றன. கடும் பதகளிப்புக்கு ஓரிரு வாரங்கள் கொடுத்தால் நன்மை உண்டு. பிரச்சினை எழுவது, சில வாரங்களுக்கென்று தொடங்கிய மருந்து வருடக் கணக்கில் நீளும்போதுதான்.

2. உடல் எவ்வாறு பழகுகிறது?

நமது மூளையில் காபா என்னும் இரசாயனப் பொருள் உண்டு. நரம்புகளின் வேகத்தைத் தணித்து அமைதிப்படுத்துவது அதன் வேலை. பென்சோடயசிபின் குளிசைகள் இந்தக் காபாவின் வேலையை மேலும் பலப்படுத்துகின்றன. அதனாலேயே பதற்றம் தணிகிறது, தசைகள் தளர்கின்றன, நித்திரை வருகிறது.

ஒரு வண்டியை மாடுகள் இழுத்துச் செல்கின்றன என்று எண்ணிக் கொள்வோம். பின்னால் ஒருவர் கயிறு கட்டி வண்டியை மறுபக்கம் இழுத்துப் பிடிக்கிறார். முதலில் வண்டி மெதுவாகும். நாட்கள் செல்லச் செல்ல மாடுகள் அந்த இழுவைக்கு ஈடாக மேலும் பலமாக இழுக்கப் பழகிவிடும். இப்போது பின்னால் பிடித்திருப்பவர் கயிற்றைத் திடீரென விட்டால் என்ன நடக்கும்? வண்டி பாய்ந்து குடைசாயும். கயிற்றைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினாலோ, மாடுகளும் தம் இழுவையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொள்ளும்.

மூளையிலும் இவ்வாறே நடக்கிறது. மருந்து நாள்தோறும் நரம்புகளை அமைதிப்படுத்தும்போது, மூளை அதற்கு ஈடு செய்து தன்னை மாற்றிக் கொள்கிறது. அதனால் முன்னர் போதுமாக இருந்த அளவு பின்னர் போதாமற் போகலாம். மருந்து நின்றதும் நரம்புகள் கட்டுப்பாடின்றித் தூண்டப்படுகின்றன. இதனையே உடல் ரீதியான தங்கியிருத்தல் என்கிறோம். இது சில வாரங்களிலேயே தொடங்கக் கூடும். இதனால்தான் 1988ம் ஆண்டிலேயே பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்று வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது.

இங்கு ஒரு முக்கியமான வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும். வைத்தியர் எழுதிக் கொடுத்த அளவிலேயே, ஒரு நாளும் கூட்டாமல் எடுத்தவருக்கும் இந்த நிலை ஏற்படும். அவர் போதையை நாடியவர் அல்லர். மனவலிமை குறைந்தவரும் அல்லர். அவருடைய உடல் மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவே. "போதைக்காரி", "குளிசைக்காரன்" என்ற சொற்கள் அவரை வெட்கப்படுத்தி, உதவி தேடாமல் மறைக்கவே செய்யும்.

3. திடீரென நிறுத்தினால் என்ன நடக்கும்?

இந்த ஆபத்து புதிதாகக் கண்டறியப்பட்டது அல்ல. 1961ம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் லியோ ஹொலிஸ்டரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வழமையான அளவிலும் பல மடங்கு கூடுதலாக லிப்ரியம் சில மாதங்கள் எடுத்துவந்த நோயாளிகளில் 11 பேருக்கு, அவர்கள் அறியாமல் மருந்தை நிறுத்தி வெற்றுக் குளிசை கொடுக்கப்பட்டது. அவர்களில் 10 பேருக்குப் புதிய உபாதைகள் தோன்றின. இருவருக்கு ஒரு வாரமளவில் வலிப்பு வந்தது. அந்த மருந்து விற்பனைக்கு வந்து அப்போது ஒரு வருடமே ஆகியிருந்தது. ஆயினும் இந்த எச்சரிக்கை போதியளவு கவனிக்கப்படவில்லை.

பார்பரா கோர்டன் என்பவர் நியூயோர்க் நகரில் தொலைக்காட்சி விவரணப் படங்கள் தயாரித்துப் பெயர் பெற்றவர். முதுகு வலிக்கென்று தொடங்கிய வேலியத்தை அவர் பல ஆண்டுகள் எடுத்து வந்தார். அதை விட வேண்டும் என்று அவரே முடிவு செய்தபோது, ஒரேயடியாக நிறுத்தும்படி அவருடைய வைத்தியர் கூறினார். அவர் அப்படியே செய்தார். அதன் விளைவாக வேலையை இழந்து, மனநிலை சிதைந்து, மாதக் கணக்கில் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. தமது அனுபவத்தை அவர் 1979ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரை வீழ்த்தியது மருந்தை விட எடுத்த முடிவு அல்ல, விட்ட முறையே.

நமது சூழலில் இது எவ்வாறு நிகழலாம் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணவனை இழந்த ஒரு தாய் ஆறு வருடங்களாக இரவில் டயசிபாம் 10 மில்லிகிராம் எடுத்து வருகிறார். அயலில் உள்ள பெண், "அக்கா, இதை விட்டுவிடுங்கோ, மூளையைப் பழுதாக்கும்" என்கிறார். தாயும் விட்டுவிடுகிறார். முதல் இரண்டு மூன்று நாட்கள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டயசிபாம் உடலில் மெதுவாகவே கரைவதே அதற்குக் காரணம். ஒரு வாரம் ஆகும்போது கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண்ணை மூட முடியவில்லை, கதவு அடிபடும் சத்தமும் இடிபோல் கேட்கிறது. பயந்துபோய் ஒரு குளிசை போட்டதும் அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்குகின்றன. "பார், எனக்கு இருந்த வருத்தம் திரும்பிவிட்டது. இக் குளிசை இல்லாமல் என்னால் இருக்கவே முடியாது" என்று அவர் முடிவு செய்கிறார்.

அவருக்கு வந்தது பழைய வருத்தமா, மருந்து நின்றதால் வந்த உபாதையா? பெரும்பாலும் இரண்டாவதே. இந்த வேறுபாடு விளங்காததாலேயே பலர் வாழ்நாள் முழுவதும் குளிசையில் தங்கியிருக்கிறார்கள்.

மருந்து நின்றதால் ஏற்படும் உபாதைகள்:

- நித்திரையின்மை, பயங்கரக் கனவுகள்
- முன்னரிலும் கூடிய பதகளிப்பு, எரிச்சல்
- நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு
- தசை இறுக்கம், தசைத் துடிப்பு, தலையிடி
- வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை
- கை கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு
- ஓங்காளம், பசியின்மை

அல்பிரசோலம், லொரசிபாம் போன்று விரைவாக உடலை விட்டு நீங்கும் மருந்துகளில் இவை ஓரிரு நாட்களிலேயே தோன்றும். டயசிபாமில் ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லலாம்.

உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள்: வலிப்பு, இல்லாததைக் காண்பது அல்லது கேட்பது, ஆட்களையும் இடத்தையும் அடையாளம் தெரியாத குழப்பம், கடும் காய்ச்சலுடன் நடுக்கம், "சாக வேண்டும்" என்ற பேச்சு. இவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். கிளினிக் கொப்பியையும் குளிசை உறையையும் கையில் கொண்டு செல்லுங்கள்.

4. படிப்படியாகக் குறைக்கும் முறை

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை, இம் மருந்துகளை விட விரும்புவோருக்கென்றே ஒரு கிளினிக்கை நடத்தினார். அவர் அங்கு கண்டதை 1999ம் ஆண்டில் ஒரு கைந்நூலாக எழுதினார். அதன் சாரம் மிக எளிமையானது. சிறு சிறு படிகளாகக் குறைக்க வேண்டும். வேகத்தை மருந்து எடுப்பவரே தம் உடல்நிலைக்கு ஏற்பத் தீர்மானிக்க வேண்டும். இவ்வாறு செய்தால் நீண்ட காலம் எடுத்தவர்களும் விட முடியும்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2020ம் ஆண்டில் இத் தொகுதி மருந்துகள் எல்லாவற்றுக்கும் உடற்தங்கியிருத்தல் பற்றிய கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. 2025ம் ஆண்டில் அங்குள்ள வைத்திய சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டலும் மெதுவான முறையையே வலியுறுத்துகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம். எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்துக்கு மேல் குறைப்பது பொதுவாகத் தகாது என்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: இரவில் டயசிபாம் 10 மில்லிகிராம் எடுப்பவர் இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை 1 மில்லிகிராம் குறைத்தால் 9, 8, 7, 6, 5 என்று பத்து வாரங்களில் பாதிக்கு வருவார். 5க்குக் கீழே ஒவ்வொரு படியும் பெரிதாகவே தெரியும். ஆகவே அரை மில்லிகிராம் வீதம் குறைக்க, மேலும் இருபது வாரங்கள் ஆகும். மொத்தம் முப்பது வாரங்கள். அதாவது ஏறத்தாழ ஏழு மாதங்கள். சிலருக்கு இதிலும் கூடுதலான காலம் தேவைப்படும். இது நாமாகவே பின்பற்றுவதற்கான அட்டவணை அல்ல. இவ்வளவு பொறுமை வேண்டும் என்பதைக் காட்டவே இங்கு தரப்படுகிறது. அளவையும் வேகத்தையும் வைத்தியரே ஒழுங்கு செய்ய வேண்டும்.

குளிசையின் சிறிய இலக்கத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் ஏறத்தாழ டயசிபாம் 10 மில்லிகிராமுக்குச் சமமானது. அல்பிரசோலம், லொரசிபாம் எடுப்பவர்களைச் சில வைத்தியர்கள் முதலில் டயசிபாமுக்கு மாற்றி, அதன் பின்னரே குறைப்பார்கள். டயசிபாம் மெதுவாகக் கரைவதும், 2 மில்லிகிராம், 5 மில்லிகிராம் என்று சிறிய குளிசைகளாகக் கிடைப்பதும் அதற்குக் காரணங்கள்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்:

(அ) வலிப்பு நோய் உள்ளவர், கர்ப்பிணிகள், வயோதிபர், மது அருந்துவோர், முன்னர் மருந்தை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு விசேட கண்காணிப்பு தேவை. சிலரை வைத்தியசாலையில் வைத்தே குறைக்க வேண்டியிருக்கும்.

(ஆ) ஒரு கொப்பியில் திகதி, அளவு, நித்திரை, உபாதை ஆகியவற்றை எழுதி வையுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் உதவலாம்.

(இ) உபாதை கூடினால் அடுத்த படிக்குச் செல்லாமல் அதே அளவில் மேலும் சில வாரங்கள் நில்லுங்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள். இது தோல்வி அல்ல.

(ஈ) ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது குறைக்கும் முறை அல்ல. உடல் மேலும் கீழுமாக அலைக்கழியும். நாள்தோறும் எடுக்கும் அளவைச் சிறிதாக்குவதே முறை.

(உ) குளிசைக்குப் பதிலாகக் கள், சாராயம், கசிப்பு ஆகியவற்றை நாட வேண்டாம். மதுவும் இக் குளிசையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக் கூடும். கடும் வலிக்குக் கொடுக்கப்படும் மோர்பின், டிரமடோல் வகை மருந்துகளோடு சேர்ந்தாலும் அதே ஆபத்து உண்டு.

(ஊ) மனச்சோர்வு, மனநோய், வலிப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படும் வேறு மருந்துகளை இப் பாடத்தைப் படித்துவிட்டுக் குறைக்க வேண்டாம். குளோனசிபாம் வலிப்புக்காகவும் கொடுக்கப்படுவதுண்டு.

5. மருந்து கிடைக்காமற் போகும் காலங்கள்

நமது நாட்டில் மக்கள் மருந்தை நிறுத்துவது எப்போதும் தாமாக விரும்பி அல்ல. இடம்பெயர்ந்து ஓடும்போது, வெள்ளத்தில் வீடு அழியும்போது, கிளினிக் நாளன்று பஸ் ஓடாதபோது மருந்து தானாகவே நின்றுவிடுகிறது. 2022ம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை நாம் அறிவோம். ஆகவே கடைசிக் குளிசை முடியும் வரை காத்திராமல், ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குச் செல்லப் பழக வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்துக் கொள்ளலாம். முகாம்களில் பணிபுரியும் தொண்டர்கள், நீரிழிவு, வலிப்பு மருந்துகளைப் பற்றிக் கேட்பது போல் "இரவுக் குளிசை ஏதும் எடுப்பவர்களா?" என்றும் கேட்க வேண்டும்.

6. குடும்பமும் அயலும் செய்யக் கூடியவை

குறைக்கும் மாதங்களில் ஒருவர் சிடுசிடுப்பார், அழுவார், இரவில் எழுந்து நடப்பார். இது உடலின் வேலை என்று வீட்டார் அறிந்திருந்தால் பாதிப் பாரம் குறையும். நித்திரைக்கு உதவும் பழக்கங்கள் பல உண்டு. பின்னேரத்துக்குப் பின் பிளேன்ரீயும் கோப்பியும் தவிர்த்தல், பகலில் நீண்ட நேரம் படுக்காமை, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழும்புதல், உடல் உழைப்பு, படுக்குமுன் மெதுவாக மூச்சு விடும் பயிற்சி ஆகியவை சில.

எல்லாவற்றுக்கும் மேலாக, குளிசையைத் தொடங்கிவைத்த காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன்காரர் வாரந்தோறும் வாசலில் நிற்கும்போதும், கணவன் குடித்துவிட்டு அடிக்கும்போதும், காணாமற்போனவரின் செய்திக்காகக் காத்திருக்கும்போதும் பதகளிப்பு வருவது இயல்பு. அதற்கு மருந்தைக் குறைப்பது மட்டும் தீர்வாகாது. கடனுக்குச் சங்கத்தின் உதவியும், வீட்டு வன்முறைக்குப் பெண்கள் உத்தியோகத்தரின் உதவியும், துக்கத்துக்கு உளவளத்துணையாளரின் உதவியும் தேவை. இரவில் பேசுவதற்கு ஆள் இல்லாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.

புதிதாகத் தொடங்காமல் இருப்பதும் முக்கியம். பேரிழப்பின் பின் வரும் துக்கத்துக்கும், அதிர்ச்சியின் பின் முதல் மாதத்தில் வரும் நித்திரையின்மைக்கும் இம் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ம் ஆண்டில் அறிவுறுத்தியது. எனவே மரண வீட்டில் அழுகின்ற ஒருவருக்கு, "இதைப் போட்டுக்கொண்டு படுங்கோ" என்று நம் வீட்டுக் குளிசையை எடுத்துக் கொடுப்பதை நிறுத்துவோம். அவருக்கு அருகில் இருப்பவரே அப்போது தேவை. புதிதாக மருந்து எழுதப்படும்போது, "இது எத்தனை நாளைக்கு, டொக்டர்? எப்படி நிறுத்துவது?" என்று மரியாதையோடு கேட்பது நோயாளியின் உரிமை.

ஏற்கனவே பல வருடங்கள் எடுத்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பழகிய உடல் மறுபடியும் பழகும். அதற்கு வைத்தியரின் வழிகாட்டலும், சில மாதப் பொறுமையும், கேலி செய்யாத ஒரு வீடும் வேண்டும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. வண்டியும் கயிறும் என்ற உவமையை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குக.
2. மூன்றாம் பகுதியில் வரும் அயல் பெண் அந்தத் தாய்க்கு வேறு என்ன சொல்லியிருக்கலாம்? இருவர் சேர்ந்து நடித்துக் காட்டுக.
3. உங்கள் கிராமத்துக்கு அண்மையில் மனநலக் கிளினிக் எங்கே, எந்த நாளில் நடைபெறுகிறது? போக்குவரத்து வசதி இல்லாதவரை யார் அழைத்துச் செல்லலாம்?
4. உங்கள் பகுதியில் பதகளிப்பை ஏற்படுத்தும் காரணங்களில் சங்கமாகச் சேர்ந்து மாற்றக் கூடியவை எவை? ஒன்றைத் தெரிவு செய்து அடுத்த மூன்று மாதங்களுக்கான வேலையைத் திட்டமிடுக.